மலையகப் பாதைகளில் ஓடும் ஏ.டி.வி. வண்டிக்குப் பொருத்தமான கியர் ஒயிலைத் தெரிவு செய்யும் முறை

கரடுமுரடான பாதைகளுக்கென அமைந்த நான்கு சில்லு ஏ.டி.வி. வண்டிக்குக் கியர் ஒயில் வாங்கச் செல்பவரிடம், அட்டனிலும் சரி பண்டாரவளையிலும் சரி, கடைக்காரர் முதலில் கேட்பது பெரும்பாலும் "90 வேண்டுமா, 140 வேண்டுமா?" என்றுதான். லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒயில் விற்றுப் பழகியவர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆயினும், ஏ.டி.வி.யைப் பொறுத்தவரை தடிப்பைப் பற்றிய கேள்வி இரண்டாவதாகவே வரவேண்டும். ஒயில் வண்டியின் எந்த அறைக்குள் ஊற்றப்படப் போகிறது, அந்த அறைக்குள் பற்சில்லுகளைத் தவிர வேறென்ன சுழல்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே போத்தலில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் உள்ள அறைக்கும், பிரேக் தட்டுகள் உள்ள அறைக்கும், வெறும் பற்சில்லுகள் மட்டும் உள்ள அறைக்கும் ஒரே தடிப்புள்ள ஒயில் சொல்லப்பட்டிருந்தாலும், அவை ஒரே ஒயில் ஆகிவிடுவதில்லை.

எந்த அறைக்கு ஒயில்?

நான்கு சில்லுகளும் இழுக்கும் ஓர் ஏ.டி.வி.யில் எஞ்சின், கியர்பொக்ஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (அச்சின் இரு சில்லுகளுக்கும் இழுவையைப் பகிரும் பற்சில்லு அமைப்புகள்) என ஒயில் தங்கும் இடங்கள் நான்கு வரை இருக்கலாம். சில வண்டிகளில் முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஹொண்டாவின் டி.ஆர்.எக்ஸ். வரிசையில் பல வண்டிகளும், 110 முதல் 250 சி.சி. வரையான சிறிய சீனத் தயாரிப்புகளில் பெரும்பாலானவையும் மோட்டார் சைக்கிளைப் போன்ற அமைப்புடையவை. அவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் ஒரே ஒயிலில் நனைகின்றன. அத்தகைய வண்டிக்குத் தனியாகக் "கியர் ஒயில்" என்ற ஒன்றே கிடையாது. எஞ்சினுக்கு ஊற்றுவதுதான் கியருக்கும் போய்ச் சேர்கிறது.

மற்ற வகை, பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. வண்டிகள். இவற்றில் பெல்ட்டும் அதன் இரண்டு கப்பிகளும் ஒயில் ஒரு துளியும் படக்கூடாத உலர்ந்த அறைக்குள் இருக்கும். பெல்ட்டுக்குப் பின்னால் ஹை, லோ, ரிவர்ஸ் ஆகியவற்றைத் தரும் பற்சில்லுகள் வேறோர் அறையில் இருக்கும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் வண்டிகளில் இந்த அறை எஞ்சினிலிருந்து முற்றாகப் பிரிந்தது. அதற்கெனத் தனி ஒயில் உண்டு. யமஹா கிரிஸ்லியிலோ, பெல்ட் இருந்தபோதும் பற்சில்லுகள் எஞ்சின் ஒயிலிலேயே ஓடுகின்றன. ஆகவே, "பெல்ட் வண்டி என்றால் கியர் ஒயில் தனி" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

கையேடு கையில் இருந்தால் இந்த ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த வண்டிகளுடன் கையேடு வருவது அரிது என்பதால், வண்டியையே வாசிக்க வேண்டியிருக்கிறது. இடது காலடியில் கியர் மிதி இருந்து, பக்கவாட்டில் காற்றுக் குழாய்கள் பொருத்திய பெரிய வட்ட மூடி (பெல்ட் அறையின் மூடி) இல்லாவிட்டால், அது பெரும்பாலும் ஒரே ஒயிலில் ஓடும் வண்டி. வட்ட மூடி இருந்தால், வண்டியின் அடிப்பக்கம் சென்று ஒயில் இறக்கும் நட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் மேலே ஊற்றும் வாய் எங்கிருக்கிறது என்பதைத் தேடிச் சென்றால் எத்தனை அறைகள் என்பது தெரிந்துவிடும். பெரிய கம்பனிகளின் கையேடுகளை மாதிரி இலக்கத்தையும் தயாரிப்பு ஆண்டையும் கொடுத்து இணையத்தில் தேடிப் பெறலாம். இந்த ஒரு வேலைக்குச் செலவாகும் அரை மணித்தியாலம் வீண் போகாது.

கிளட்ச்சும் கியரும் ஒன்றாக நனையும் வண்டி

இவ்வகை வண்டிக்குப் போத்தலில் பார்க்க வேண்டிய அடையாளம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்பது. ஜப்பானிய வாகனத் தர நிர்ணய அமைப்பு மோட்டார் சைக்கிள் ஒயில்களுக்கென 1998இல் கொண்டுவந்த டி 903 என்ற நியமத்தில் இருந்து இந்த எழுத்துகள் வருகின்றன, எம்.ஏ.1, எம்.ஏ.2 என்ற உட்பிரிவுகள் 2006இல் சேர்ந்தன. கிளட்ச் தட்டுகள் ஒயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும் என்பதால், ஒயிலில் போதிய உராய்வு மிஞ்சியிருக்க வேண்டும். எம்.ஏ.2 அந்த உராய்வு கூடியது. எம்.பி. என்று குறித்திருப்பது உராய்வு குறைந்தது. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு அது நல்லது, நனைந்த கிளட்ச்சுக்கு ஆகாது.

எரிபொருளைச் சேமிப்பதாகச் சொல்லும் கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். சமதரையில் அதன் தீங்கு உடனே தெரியாது. இரண்டு உர மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கொழுந்து மடுவத்திலிருந்து மேல் மலைக்கு ஏறும்போது, எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி நகர மறுத்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அப்போது கிளட்ச் தட்டுகளைக் கழற்றி மாற்றுவதற்கு முன், கடைசியாக ஊற்றப்பட்ட ஒயில் எது என்று விசாரிப்பது செலவைக் குறைக்கும். கியர் ஒயிலை இந்த அறைக்குள் ஒருபோதும் ஊற்றக் கூடாது. எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கும் சேர்மானங்கள் அதில் இல்லை. பற்சில்லுக்காகச் சேர்க்கப்பட்ட கந்தகச் சேர்மங்கள் கிளட்ச்சுக்கும் உதவா.

தடிப்பைப் பொறுத்தவரை 10டபிள்யூ-40 பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளுக்குச் சொல்லப்படுவது. காற்றால் குளிரும் பழைய எஞ்சின் என்றால், கையேடு அனுமதிக்கும்பட்சத்தில், நம் ஊர்களில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் பரவலாக விற்கப்படும் 20டபிள்யூ-50ஐயும் பயன்படுத்தலாம்; அதிலும் எம்.ஏ. அடையாளம் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால், இந்த ஒயில் எஞ்சினின் சூட்டையும் தாங்கி, பற்சில்லுகளுக்கிடையில் நசுங்கவும் செய்கிறது. தடிப்பைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்ட நீண்ட மூலக்கூறுகளைப் பற்கள் வெட்டிவிடுவதால், எஞ்சினுக்கு மட்டும் பயன்படும் ஒயிலைவிட இது விரைவில் நீர்த்துப் போகும். கியர் மாறுவது கரடுமுரடாகி, நியூட்ரல் பிடிபடச் சிரமமானால், ஒயில் தன் காலத்தை முடித்திருக்கலாம்.

தனி கியர் அறையும் டிஃபரன்ஷியல்களும்

தனி அறைக்குரிய கியர் ஒயிலில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த ஜீ.எல்.-4, ஜீ.எல்.-5 என்ற இரு தரங்களைக் காண்பீர்கள். 5 என்பது 4ஐவிட மேலான தரம் என்று கொள்வது பரவலான பழக்கம். அவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பொயிட் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், அவற்றுக்கிடையே ஒயில் படலம் அறுந்துபோகும் அளவுக்கு அழுத்தம் எழுகிறது. ஜீ.எல்.-5இல் கூடுதலாக உள்ள கந்தக, பொசுபரசுச் சேர்மங்கள் அந்த இடத்தில் உலோகத்தின்மேல் காப்புப் படலமொன்றை உருவாக்குகின்றன. அதே கந்தகம், சூடான நிலையில் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடியது. இன்றைய நல்ல ஜீ.எல்.-5 ஒயில்கள் பலவற்றில் இந்தக் குறை பெரிதும் தணிக்கப்பட்டிருந்தாலும், கையேடு ஜீ.எல்.-4 என்று சொன்ன அறைக்கு 5ஐ ஊற்ற எந்தக் காரணமும் இல்லை. மறுதலையாக, ஹைப்பொயிட் பற்களுக்கு ஜீ.எல்.-5 கேட்கப்பட்டிருக்கும்போது 4ஐ ஊற்றினால் பற்கள் தேய்ந்துவிடும்.

சில கம்பனிகள் இந்தப் பொதுத் தரங்களுக்கு வெளியே தமக்கென ஒயில் வைத்திருக்கின்றன. போலாரிஸ், கியர் அறைக்கு ஏ.ஜீ.எல். என்ற ஒயிலையும், முன் டிஃபரன்ஷியலுக்கு டிமாண்ட் டிரைவ் என்ற ஒயிலையும் குறிப்பிடுகிறது. அந்த முன் அறைக்குள் பற்சில்லோடு, பின் சில்லு வழுக்கும் கணத்தில் முன் சில்லுகளைத் தானாகப் பிணைக்கும் உருளைப் பூட்டு ஒன்றும் இருக்கிறது. அதற்குள் தடித்த 80டபிள்யூ-90 ஊற்றப்பட்டால் உருளைகள் உரிய நேரத்தில் நகராமல், ஈரக் களிமண் ஏற்றத்தில் நான்கு சில்லு இழுவை மிகத் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். "முன் சில்லு இழுக்கவில்லை" என்று மின் இணைப்புகளைத் தேடி அலைவதற்கு முன் இதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் கவனம் தேவைப்படும் இடம், பின் அச்சுக்குள் பிரேக் தட்டுகள் ஒயிலில் நனையும் வண்டிகள். சுசுகி கிங்குவாட் 750, கவாசாகி புரூட் போர்ஸ் 750 ஆகியவற்றில் பின் பிரேக் அவ்வாறுதான் அமைந்துள்ளது. சேறு படாமல் மூடப்பட்டிருப்பதால் மலைநாட்டுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு இது. ஆனால், அதற்குள் சாதாரண ஜீ.எல்.-5 போனால் பிரேக் தட்டுகள் வழுக்கும். மோபில் புளூயிட் 424 போன்ற, உழவு இயந்திரங்களின் ஈரப் பிரேக்குக்கும் ஹைட்ரோலிக்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் ஒயிலே அங்கு கேட்கப்படுகிறது. உழவு இயந்திர ஒயிலை ஏ.டி.வி.க்கு ஊற்றக்கூடாது என்று எச்சரிக்கும் மெக்கானிக் பொதுவாகச் சரியாகவே சொல்கிறார். இந்த ஓர் அறைக்கு மட்டும் அது பொருந்தாது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கோடு தொடர்புடைய விடயம் என்பதால், இதில் ஊகத்துக்கு இடமளிக்க வேண்டாம்.

எண்களை வாசித்தல்

90 என்ற கியர் ஒயில் 50 என்ற எஞ்சின் ஒயிலைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், ஒயில்களின் தடிப்பைத் தரப்படுத்தும் எஸ்.ஏ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பு இரண்டுக்கும் இரு வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறது. 100 பாகை செல்சியஸ் சூட்டில் 90 தரக் கியர் ஒயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஒயிலில் 40 தரம் 12.5 முதல் 16.3 வரையும், 50 தரம் 16.3 முதல் 21.9 வரையும் ஆகும். அதாவது, 90 கியர் ஒயில் தடிப்பில் 40க்கும் 50க்கும் பக்கத்தில்தான் நிற்கிறது. 140 என்பதோ 24க்கு மேற்பட்டது; அதுதான் உண்மையில் தடித்த ஒயில். 90க்கும் 140க்கும் இடையே 110 என்ற தரமும் இருக்கிறது என்பதைக் கடைகளில் பலர் அறிந்திருப்பதில்லை.

டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிருக்கானது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. அதைக் கண்டு 75டபிள்யூதான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. 80டபிள்யூ தர ஒயில், பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலும் குறித்த எல்லையைத் தாண்டி இறுகாதிருக்க வேண்டும் என்பது நியமம். 85டபிள்யூவுக்கு அந்த எல்லை பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை. அம்பேவலையில் மிகக் குளிர்ந்த இரவுகூட அந்த எல்லைகளுக்கு அருகில் போவதில்லை. எனவே, கையேடு 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 ஆகிய இரண்டையும் அனுமதித்தால், மலிவானதையும் எளிதில் கிடைப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். முதல் எண்ணுக்காக அதிக பணம் கொடுப்பது இங்கு வீண் செலவு.

இரண்டாவது எண்ணில் அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. நடை வேகத்தில், லோ கியரில், சுமையோடு நீண்ட நேரம் ஏறும் வண்டிக்குக் காற்றோட்டம் குறைவு. கியர் அறை வெகுவாகச் சூடேறும். இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் பற்களின் மறுபக்கம் அதே சுமையைத் தாங்குகிறது. கேன்-ஆம் அவுட்லாண்டரின் பல மாதிரிகளின் கியர் அறைக்கு 75டபிள்யூ-140 கேட்கப்படுவது இத்தகைய சுமையைக் கருதியே. அங்கு 90ஐ ஊற்றிச் சமாளிப்பது கூடாது. அதேபோல், 90 கேட்கும் அறைக்கு "மலை ஏறுகிறதே" என்று 140ஐ ஊற்றுவதும் நன்மை தராது. சிறிய பெயாரிங்குகளுக்கு ஒயில் சென்று சேரத் தாமதமாகும், அதைக் கடைவதிலேயே எஞ்சினின் வலு ஓரளவு வீணாகும்.

சிந்தெற்றிக்கா, மினரலா என்பதில் என் கருத்து எளிது. கையேடு சிந்தெற்றிக் என்று வலியுறுத்தினால் அதை வாங்குங்கள். வலியுறுத்தாவிட்டால், விலை கூடிய ஒயிலை இரண்டு வருடம் வைத்திருப்பதைவிட, நல்ல மினரல் ஒயிலை அடிக்கடி மாற்றுவது இந்நாட்டு மழைக்குப் பொருந்தும்.

மழையும் ஓடையும்

மலையகத்தில் கியர் ஒயிலைக் கெடுப்பதில் சூட்டைவிட, குளிரைவிட முதலிடம் தண்ணீருக்கே. ஓடையைக் கடக்கும்போது டிஃபரன்ஷியல் சூடாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் அமிழ்ந்தவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கிறது. அறையின் மேலுள்ள மூச்சுக் குழாய் திறந்திருந்து, அதன் நுனி உயரத்தில் இருந்தால் காற்று உள்ளே வரும். குழாய் அடைபட்டிருந்தால், அச்சின் சீல் வழியே தண்ணீர் உள்ளே வரும். சேற்றால் அடைபடுவதோடு, நிறுத்தி வைத்த வண்டியின் மூச்சுக் குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டிவிடுவதும் உண்டு. எவ்வளவு சிறந்த ஒயிலைத் தெரிவு செய்தாலும், இந்தக் குழாயைப் பார்க்காதவருக்கு அதனால் பயன் இல்லை.

தண்ணீர் கலந்த ஒயில் பால் தேநீர் நிறத்தில் இறங்கும். அப்படிக் கண்டால் ஒரு முறை மாற்றுவது போதாது. மலிவான, அதே தரத்திலுள்ள ஒயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, சூட்டோடு இறக்கி, பின்னரே நல்ல ஒயிலை நிரப்ப வேண்டும். எஞ்சின் ஒயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் சிறிது வெண்ணுரை ஒட்டியிருந்தால் உடனே அஞ்ச வேண்டாம். நானுஓயா, கந்தப்பளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில், வண்டியைச் சூடேற விடாமல் குறுகிய தூரம் மட்டும் ஓட்டுவோருக்கு அது காற்றின் ஈரம் படிந்ததாக இருக்கலாம். அளவுக் கோலிலும் அதே நிறம் தெரிந்தால்தான் தண்ணீர் புகுந்துள்ளது என்று கருத வேண்டும்.

ஒயில் மாற்றும் காலத்தை மழையோடு சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவ மழை வைகாசி முதல் புரட்டாதி வரை கொட்டும். பதுளை, பசறை, எல்ல ஆகிய ஊவாப் பக்கத்துக்கு வடகீழ் மழை மார்கழியில் வலுக்கும். உங்கள் சரிவின் பெருமழை ஓய்ந்ததும் எல்லா அறைகளின் ஒயிலையும் மாற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டால், தண்ணீர் கலந்த ஒயில் வறட்சிக் காலம் முழுதும் உள்ளே தங்கியிருக்காது. நீரிலும் சேற்றிலும் ஓடும் வண்டிகளுக்குப் பராமரிப்பு இடைவெளியை 50 சதவீதம் குறைக்குமாறு போலாரிஸ் கையேடுகளே சொல்கின்றன. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நாள் முழுதும் ஓடும் வண்டியாயின் மாதக் கணக்கை விட்டுவிட்டு, வண்டியிலுள்ள மணித்தியால மீற்றரைப் பின்பற்ற வேண்டும்.

வாங்கும்போதும் ஊற்றும்போதும்

கடைக்குப் போகும்போது அறையின் பெயர், கேட்கப்படும் தரம், தடிப்பு, அளவு ஆகிய நான்கையும் ஒரு துண்டில் எழுதிச் செல்லுங்கள். ஏ.டி.வி.யின் கியர் அறை ஒவ்வொன்றும் சிறியது. முன் டிஃபரன்ஷியல் பலவற்றுக்குக் கால் லீட்டரளவே போதும். திறந்த பீப்பாவிலிருந்து அளந்து தரும் ஒயில் விலையில் சாதகமாகத் தோன்றினாலும், இவ்வளவு சிறிய தேவைக்கு அந்தச் சேமிப்பு மிகச் சொற்பம். முத்திரை உடையாத போத்தலையே வாங்க வேண்டும். கம்பனியின் விசேட ஒயில் மலைநாட்டு நகரங்களில் கிடைக்காவிட்டால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரித்துத் தருவித்துக்கொள்ளலாம். அதற்கு நாளாகும் என்பதால், பழைய ஒயிலை இறக்குவதற்கு முன்பே அதைக் கையில் வைத்திருங்கள்.

ஊற்றும் வாயின் நட்டை முதலில் கழற்றிப் பார்த்த பின்னரே இறக்கும் நட்டில் கை வைக்க வேண்டும். ஒயில் முழுவதும் இறங்கிய பிறகு மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி இறக்கினால் அடியில் படிந்தவையும் சேர்ந்து வரும். காந்தமுள்ள நட்டில் மாவைப் போல நுண்ணிய சாம்பல் நிறக் கசடு ஒட்டியிருப்பது வழமையானது. விரலால் தனித்தனியாக எடுக்கக்கூடிய செதில்களும் துண்டுகளும் வந்தால், எந்த ஒயிலைத் தெரிவு செய்தும் பயனில்லை, அறையைத் திறந்தே ஆகவேண்டும். நட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இறக்கிய ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் ஒப்படையுங்கள். நமது காண்களில் விடுவது சில மணித்தியாலத்தில் மஸ்கெலி ஓயாவிலோ கொத்மலை ஓயாவிலோ போய்ச் சேரும்.

அளவு பார்ப்பதற்குச் சமதரை வேண்டும் என்பது நம் பகுதியில் சொல்வதற்கு எளிது. லயத்து வாசலிலும் பங்களா முற்றத்திலும் சமமாகத் தோன்றும் இடம்கூடச் சற்றுச் சரிந்தே இருக்கும். பக்கவாட்டு வாயின் விளிம்புவரை ஒயில் நிற்க வேண்டும் என்ற அளவு முறையில், வண்டி சிறிது சாய்ந்திருந்தாலும் கணக்குத் தவறிவிடும். கொத்தனாரின் மட்டப் பலகையை வண்டியின் சட்டத்தின்மேல் வைத்து, சில்லுகளுக்குக் கீழே பலகை கொடுத்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். அத்துடன், கையேடு சொன்ன அளவை அளவுச் சாடியில் எடுத்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பு அல்ல. மிகுந்த ஒயிலைப் பற்சில்லு கடைந்து நுரையாக்கி, மூச்சுக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். பெல்ட் வண்டியில் அந்த நுரையோ சீலில் கசிந்த ஒயிலோ பெல்ட் அறையை எட்டினால் பெல்ட் வழுக்கத் தொடங்கும்.

புதிய வண்டிக்கும், கியர் அறையைத் திறந்து பாகங்கள் மாற்றிய வண்டிக்கும் முதல் ஒயிலை விரைவில் மாற்ற வேண்டும். பல கையேடுகள் இதற்கு முதல் 20 அல்லது 25 மணித்தியால ஓட்டத்தைக் குறிப்பிடுகின்றன. ஒயில் மாற்றியதும் ஒரு முறை ஏறி இறங்கி வந்து, அறை ஆறிய பின் அளவை மீண்டும் பார்த்து, நட்டைச் சுற்றிக் கசிவு உண்டா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். பின்னர், ஊற்றிய ஒயிலின் தரத்தையும் திகதியையும் மணித்தியால மீற்றரின் எண்ணையும் இருக்கைக்குக் கீழே ஒட்டி வையுங்கள். வண்டி கைமாறும்போது, அடுத்தவருக்கு அந்தத் துண்டுதான் கையேடு.